'ரோடு திறந்துடுச்சா?' - இமாச்சல் மக்கள் மலையை நேசிப்பதும் பயப்படுவதும் ஏன்?

ஜூலை வந்துவிட்டால், என் தோழி அம்மாவுக்கு போன் போட்டதும் 'சாப்பிட்டியா' என்று கேட்க மாட்டாள். 'ரோடு திறந்துடுச்சா?' என்றுதான் கேட்பாள். பேசுவது இந்தியில். எனக்கு அதில் புரிந்த ஒரே வார்த்தை 'ரோடு'. அவள் இமாச்சலப் பிரதேசத்தின் குலு மாவட்டத்துக்காரி. படிக்கும்போது ஹாஸ்டலில் எனக்கு ரூம்மேட். இரண்டு வருஷம் அந்தக் கேள்வியைப் பக்கத்துக் கட்டிலில் இருந்து கேட்டிருக்கிறேன்.

ஒருநாள் தெரியாத்தனமாக, "இவ்வளவு டென்ஷன் எதுக்கு? அம்மா, அப்பாவைக் கூட்டிட்டு கீழே வந்துடலாமே?" என்று கேட்டுவிட்டேன். முறைத்தாள். "2015 வெள்ளத்துக்கு அப்புறம் நீங்க சென்னையைக் காலி பண்ணிட்டீங்களா?" என்றாள். என்னிடம் பதில் இல்லை.

மணாலி, சிம்லா எல்லாம் நமக்கு ஐந்து நாள் பேக்கேஜ். பனியில் ஒரு ரீல், மேகி சாப்பிட்டு ஒரு ஸ்டோரி, ஞாயிறு இரவு ஃபிளைட். ஆனால் 2011 கணக்கெடுப்பின்படி சுமார் 69 லட்சம் பேருக்கு அந்த மாநிலம்தான் வீடு. அவர்கள் அங்கே எதை விரும்புகிறார்கள், எதற்குப் பயப்படுகிறார்கள் என்று பார்த்தால் ஒரு விஷயம் புரியும். இரண்டு பட்டியலிலும் இருப்பது கிட்டத்தட்ட அதே பெயர்கள்தான்: நிலம், ஆறு, ரோடு, சுற்றுலா.

முதலில், எதை விரும்புகிறார்கள்?

இமாச்சல் 1971 ஜனவரி 25 அன்று இந்தியாவின் 18-வது மாநிலமானது. மொத்தம் 12 மாவட்டங்கள். மக்களில் கிட்டத்தட்ட 90 சதவீதம் பேர் கிராமங்களில் வசிக்கிறார்கள். நகரம் என்று நாம் நினைப்பது அங்கே மிகவும் குறைவு.

அங்குள்ளவர்களிடம் பேசினால் முதலில் வருவது நிலம். இமாச்சலில் நீங்களோ நானோ நினைத்த மாத்திரத்தில் விவசாய நிலம் வாங்கிவிட முடியாது. 1972-ம் ஆண்டின் குத்தகை மற்றும் நிலச் சீர்திருத்தச் சட்டத்தில் 118-வது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. அந்த மாநிலத்தின் விவசாயி அல்லாத யாரும் அரசு அனுமதி இல்லாமல் விவசாய நிலம் வாங்க அது தடை போடுகிறது. வெளியூர் பணம் வந்து மலையை மொத்தமாக வளைத்துப் போட்டுவிடக் கூடாது என்பதுதான் நோக்கம். முதல் முதலமைச்சர் யஷ்வந்த் சிங் பர்மார் காலத்தில் வந்த சட்டம் இது. இதன் மறுபக்கமும் உண்டு. பல தலைமுறையாக அங்கேயே வசித்தாலும், விவசாயக் குடும்பம் இல்லை என்றால் இமாச்சல்காரர்களுக்கும் இதே தடைதான். அப்படியும், 118-ல் கைவைக்கப் போகிறார்கள் என்று பேச்சு எழுந்தாலே ஊர் கொதித்துவிடும். 'எங்க நிலம் எங்க கையில இருக்கு' என்ற தெம்பு அவ்வளவு பெரியது.

அடுத்து ஆப்பிள். அமெரிக்காவில் இருந்து வந்து இங்கேயே தங்கி, பின்னாளில் சத்யானந்த் ஆகிவிட்ட சாமுவேல் ஸ்டோக்ஸ், சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன் கோட்கர் பகுதியில் நட்ட ரகங்கள் மலைக் கிராமங்களின் வாழ்க்கையையே மாற்றிவிட்டன. இன்று சிம்லா, குலு, கின்னௌர் பக்கம் பிள்ளைகளின் காலேஜ் ஃபீஸ், கல்யாணச் செலவு, புது வீடு எல்லாம் ஆப்பிள் சீசனை நம்பித்தான். பெரிய எஸ்டேட் முதலாளிகளின் தொழில் இல்லை இது. பெரும்பாலும் சிறு விவசாயிகளின் தோட்டங்கள்.

இதோடு, ஊருக்கு ஊர் இருக்கும் தேவதைகள். பல்லக்கில் கிளம்பி குலு தசராவுக்கு வந்து கூடும் அந்தத் தெய்வங்களிடம் மழை, விளைச்சல், ஊர்த் தகராறு என எல்லாவற்றுக்கும் ஆலோசனை கேட்பார்கள். விசேஷம் என்றால் வரிசையாகத் தரையில் உட்கார்ந்து சாப்பிடும் 'தாம்' விருந்து. சுத்தமான காற்று. தெரிந்த முகங்கள். "எங்க ஊர்ல வீட்டைப் பூட்டாம பக்கத்து ஊருக்குப் போவோம்" என்பாள் தோழி. கொஞ்சம் பில்டப்பாக இருக்கலாம். ஆனால் அந்தப் பெருமை உண்மை.

அப்படியானால் பயம் எதற்கு?

2023 ஜூலை இரண்டாவது வாரம். மூன்று, நான்கு நாள் விடாத மழையில் பியாஸ் ஆறு பொங்கி, மணாலி, குலு, மண்டி வரை கரையோரக் கடைகள், கார்கள், பாலங்கள் என அடித்துக்கொண்டு போனது. அந்த வீடியோக்களை நாம் எல்லோரும் ஃபார்வர்ட் செய்தோம். அடுத்த மாதம், ஆகஸ்ட் 14 காலை, சிம்லா சம்மர் ஹில்லில் சிவன் கோயில் மீது மலைச்சரிவு விழுந்தது. பூஜைக்கு வந்திருந்தவர்கள் உட்பட 20 பேர் இறந்தார்கள். அதே சரிவில், யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமான கல்கா-சிம்லா ரயில் பாதையின் ஒரு பகுதி, கீழே மண்ணே இல்லாமல் அந்தரத்தில் தொங்கியது. அந்த மழைக்காலத்தில் மட்டும் மாநிலம் முழுவதும் 400-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இழப்பு 10,000 கோடி ரூபாய்க்கு மேல் என்று மாநில அரசு கணக்கிட்டது.

அது ஒருமுறை நடந்த விபத்தும் இல்லை. 2021 ஆகஸ்டில் கின்னௌரின் நிகுல்சாரியில் ஓடிக்கொண்டிருந்த அரசு பஸ் மீதே மலை சரிந்து 28 பேர் இறந்தார்கள். 2025 ஜூன் கடைசியில் மண்டி மாவட்டத்தின் சேராஜ் பகுதியில் பெய்த பேய்மழையில் துனாக் போன்ற ஊர்கள் ஒரே இரவில் சேறும் பாறையுமாகிவிட்டன.

இந்த மழைக்காலம் எப்போது வருகிறது என்று கவனியுங்கள். ஆப்பிள் அறுவடை ஜூலையில் தொடங்கி அக்டோபர் வரை போகும். ரோடு உடைவதும் அதே மாதங்களில்தான். ஒரு வருஷ உழைப்பு பெட்டியில் ஏறித் தயாராக நிற்கும்போது லாரி வர வழியிருக்காது. பழம் காத்திருக்காது. 'ரோடு திறந்துடுச்சா' என்ற கேள்விக்குள் இவ்வளவும் இருக்கிறது.

மலை ஏன் இப்படிச் சரிகிறது?

மழை காரணம் இல்லையா? நிச்சயமாகக் காரணம்தான். காலநிலை மாற்றத்தால் குறைந்த நேரத்தில் கொட்டித் தீர்க்கும் மழை அதிகமாகிறது. இமயமலை வயதில் இளைய மலை. இன்னும் உயர்ந்துகொண்டிருக்கிறது. அதன் பாறைகள் நொறுங்கி, விரிசல் விட்டு இருப்பவை. நம் நீலகிரியின் பழைய, இறுகிய பாறைகளோடு அதை ஒப்பிட முடியாது.

ஆனால் அந்த மழை விழும் சரிவை நாம் என்ன நிலையில் வைத்திருக்கிறோம்? மணல் குவியலின் அடியில் இருந்து ஒரு கைப்பிடி மணலை எடுத்துப் பாருங்கள். எடுத்த இடம் சின்னது. சரிந்து வருவது மேலே இருப்பதெல்லாம். மலைச்சரிவும் அப்படித்தான். அதன் பாரத்தைத் தாங்குவது அடிப்பகுதி. நான்கு வழிச்சாலைக்காக அந்த அடிப்பகுதியைச் செங்குத்தாக வெட்டினால் மேலே உள்ளது பிடிமானம் இழக்கும். மழை நீர் உள்ளே இறங்கினால் மண்ணின் எடையும் கூடும், உள்ளே நீர் அழுத்தமும் கூடும். பிறகு ஒரு நாள் மொத்தமும் இறங்கும். 2023 ஆகஸ்டில் பர்வானூ-சோலன் நான்கு வழிச்சாலை சக்கி மோட் அருகே உட்கார்ந்து போனதையும், சண்டிகரில் இருந்து சிம்லா போகும் முக்கிய வழியே அடைபட்டதையும் இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும்.

வெட்டிய மண் எங்கே போகிறது? அதற்கென்று ஒதுக்கிய இடத்தில் கொட்ட வேண்டும் என்பது விதி. ஆற்றோரம் தள்ளிவிடுகிறார்கள் என்பது ஊர்க்காரர்களின் பல வருஷப் புகார். ஆற்றின் படுகை மேடானால் அடுத்த வெள்ளம் ஊருக்குள்தான் வரும். சாலைக்கு மட்டுமல்ல, நீர்மின் திட்டங்களின் சுரங்கங்களைத் தோண்டி எடுக்கும் கல்லுக்கும் மண்ணுக்கும் இதே கதைதான்.

பிறகு கட்டடங்கள். ஆங்கிலேயர் காலத்தில் சிறிய மலைநகரமாக உருவான சிம்லாவில் 2011-லேயே 1.7 லட்சம் பேர். சரிவில் தூண் நிறுத்தி ஐந்து, ஆறு மாடி எழுப்பியிருக்கிறார்கள். மாநிலத்தின் பல பகுதிகள் நிலநடுக்க ஆபத்து மிக அதிகமுள்ளவை. 1905 ஏப்ரலில் காங்ரா நிலநடுக்கத்தில் சுமார் 20,000 பேர் இறந்த வரலாறு இருக்கிறது. மலையில் எப்படிக் கட்ட வேண்டும் என்று அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியாமல் இல்லை. கல்லையும் தேவதாரு மரத்தையும் அடுக்கடுக்காகப் பூட்டி, சிமென்ட் இல்லாமல் எழுப்பும் 'காத்-குனி' வீடுகள் நிலம் ஆடும்போது சேர்ந்து அசைந்து கொடுக்கும். இன்று புதிதாகக் கட்டுபவர்களில் பெரும்பாலானோர் கான்கிரீட்டுக்குப் போய்விட்டார்கள். மரம் கிடைப்பதில்லை, விலை கட்டுப்படியாவதில்லை.

கோர்ட் என்ன சொன்னது?

சிம்லாவின் மையப் பகுதியிலும் பசுமைப் பகுதிகளிலும் புதுக் கட்டடங்களுக்குத் தடை, மற்ற இடங்களில் இரண்டு மாடியும் மேலே ஒரு பரணும் மட்டும் என்று 2017-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கட்டுப்பாடு விதித்தது. 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. திட்டம் வகுப்பது மாநில அரசின் அதிகாரம் என்று சொல்லி, சிம்லாவின் 2041 வளர்ச்சித் திட்டத்துக்கு வழிவிட்டது.

2025 ஜூலையில் அதே உச்ச நீதிமன்றம் வேறு தொனியில் பேசியது. தாரா தேவி மலையைப் பசுமைப் பகுதியாக அறிவித்தது தொடர்பான வழக்கில் நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு, வருமானம் மட்டுமே எல்லாம் இல்லை, இப்படியே போனால் இமாச்சல் என்ற மாநிலமே வரைபடத்தில் இருந்து மறைந்துபோகும் நாள் தூரத்தில் இல்லை என்று எச்சரித்தது. அழிவுக்கு இயற்கையை மட்டும் குறை சொல்ல முடியாது என்றும் சொன்னது.

எச்சரிக்கை சரி. ஆனால் கட்டுவதற்கு அனுமதி கொடுப்பது யார், அதனால் சரிவது யார் வீடு என்ற கேள்விக்கு இரண்டு உத்தரவுகளிலும் நேரடியான பதில் இல்லை.

'வளர்ச்சியே வேண்டாம்' என்கிறார்களா?

இல்லவே இல்லை. இங்கேதான் நம்மைப் போன்ற சமவெளிக்காரர்கள் சறுக்குகிறோம். 'ரோடு போடாதீங்க, மலையை அப்படியே விடுங்க' என்று ஏசி அறையில் உட்கார்ந்து கமென்ட் போடுவது சுலபம்.

லாஹௌல் பள்ளத்தாக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ரோதாங் கணவாயில் பனி மூடினால் ஆண்டில் பாதி நாள் வெளியுலகத் தொடர்பே இருக்காது. பிரசவ வலி வந்தால்கூட ஹெலிகாப்டர் வருமா என்று வானத்தைப் பார்த்துக் காத்திருக்க வேண்டும். 2020 அக்டோபரில் 9 கிலோமீட்டர் நீள அடல் சுரங்கப்பாதை திறந்த பிறகு அந்த நிலை மாறியது. அந்த மக்களிடம் போய் சுரங்கமே தப்பு என்று சொல்லிப் பாருங்கள்.

ஹோம்ஸ்டே கட்டுவதும் பெரும்பாலும் உள்ளூர்க்காரர்கள்தான். என் தோழியின் அப்பாவே இரண்டு அறை கூடுதலாகக் கட்டியிருக்கிறார். ஆப்பிள் பழைய மாதிரி கை கொடுப்பதில்லை. குளிர்காலத்தில் 7 டிகிரிக்குக் கீழே நூற்றுக்கணக்கான மணி நேரக் குளிர் கிடைத்தால்தான் பழைய ரகங்கள் ஒழுங்காகப் பூக்கும். குளிர் குறையக் குறைய தோட்டங்கள் இன்னும் உயரமான இடங்களுக்கு நகர்கின்றன. கீழே இருப்பவர்கள் மாதுளைக்கோ காய்கறிக்கோ மாறுகிறார்கள், அல்லது அறை கட்டி வாடகைக்கு விடுகிறார்கள். சோளம் போட்டால் குரங்கு விடுவதில்லை. படித்த பிள்ளைகளுக்கு வேலை சண்டிகரிலும் டெல்லியிலும்தான். 'சுற்றுலா வேண்டாம்' என்று அவர்களால் சொல்ல முடியாது.

ஆனால் வருகிறவர்களின் எண்ணிக்கை ஆண்டுக்கு மாநில மக்கள்தொகையைப் போல இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது. 2018 மே மாதக் கடைசியில் சிம்லாவில் நாள்கணக்கில் குழாயில் தண்ணீர் வரவில்லை. மக்கள் குடத்தோடு வரிசையில் நின்றார்கள், கோடை விழா தள்ளிப்போனது. 'தயவுசெய்து சிம்லாவுக்கு வராதீங்க' என்று உள்ளூர்க்காரர்களே சோஷியல் மீடியாவில் கெஞ்சினார்கள். சுற்றுலாவை நம்பி வாழும் ஊர் இப்படிக் கேட்கிறது என்றால் நிலைமையை யோசித்துப் பாருங்கள்.

வீடு போனால் எங்கே போவது?

செய்திகளில் அதிகம் வராத கவலை இது. இமாச்சலின் பரப்பில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு சட்டப்படி வன நிலம். வெள்ளத்தில் வீடும் நிலமும் போன குடும்பத்துக்கு, பக்கத்தில் மாற்று இடம் கொடுக்க மாநில அரசு நினைத்தாலும் முடியாது. பெரும்பாலும் அது வன நிலமாக இருக்கும், 1980-ம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டப்படி மத்திய அரசின் அனுமதி வேண்டும். ஆற்றோரத்தில் இருந்து தள்ளிப் போ என்று சொல்கிறோம். தள்ளிப் போக இடம் எங்கே என்றால் பதில் இல்லை. நிவாரணப் பணம் வாங்கியவர்களில் சிலர் அதே ஆற்றோரத்தில், அதே இடத்தில் திரும்பக் கட்டுவது முட்டாள்தனத்தால் இல்லை.

அந்தக் காடுகளால் பலன் அடைவது யார்? பியாஸும் சட்லெஜும் பஞ்சாப், ஹரியாணா வயல்களுக்குப் பாய்கின்றன. மின்சாரம் வட இந்திய நகரங்களுக்குப் போகிறது. காட்டைக் காப்பதற்கு ஈடாக நிதி கொடுங்கள் என்று இமாச்சல் பல ஆண்டுகளாக மத்திய அரசிடம் கேட்டுவருகிறது. என்னைக் கேட்டால் அது சலுகை இல்லை, கூலி.

என்ன செய்யலாம்?

என் கருத்து இதுதான்: சரிவுக்குக் கீழே தூங்குகிறவர்களுக்கு, சரிவை வெட்டும் முடிவில் பங்கு வேண்டும். வெறும் கருத்துக்கேட்புக் கூட்டமாக இல்லாமல், 'வேண்டாம்' என்று சொன்னால் நிற்கிற மாதிரியான பங்கு.

இதைக் கின்னௌர் இளைஞர்கள் ஏற்கெனவே கேட்டுவிட்டார்கள். சட்லெஜில் 804 மெகாவாட் ஜங்கி தோபன் நீர்மின் திட்டத்துக்கு எதிராக 2021-ல் அவர்கள் எழுப்பிய கோஷம் 'நோ மீன்ஸ் நோ'. கின்னௌர் பழங்குடி மாவட்டம். அங்கே வன உரிமைச் சட்டப்படி கிராம சபைக்கு இருக்கும் உரிமையை மதியுங்கள் என்பதுதான் கோரிக்கை. இதே மதிப்பு மற்ற மாவட்டங்களின் கிராம சபைகளுக்கும் வேண்டும்.

கூடவே இரண்டு விஷயங்கள். ஒன்று, எல்லா இடத்திலும் ஒரே அகலத்தில் சாலை என்ற பிடிவாதத்தை விட வேண்டும். சரிவு தாங்கும் இடத்தில் நான்கு வழி, தாங்காத இடத்தில் இரண்டு வழியும் நல்ல வடிகாலும் போதும். நாம் இருபது நிமிஷம் தாமதமாக மணாலி போய்ச் சேர்ந்தால் குடி முழுகிவிடாது. இரண்டு, வாகனங்களுக்கு உச்சவரம்பு. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே முதல் இ-பாஸ் வந்தபோது நாம் முணுமுணுத்தோம், பிறகு எடுத்துக்கொண்டுதான் போனோம். சிம்லாவுக்கும் மணாலிக்கும் அது ஒத்துவராது என்று சொல்ல முடியாது.

இதைச் செய்தால் ஹோட்டல் வருமானம் குறையுமே என்பது நியாயமான கேள்வி. கொஞ்சம் குறையலாம். ஆனால் 2023 ஜூலைக்குப் பிறகு மாதக்கணக்கில் அறைகள் காலியாகக் கிடந்ததும் வருமான இழப்புதான். அதை யாரும் முன்கூட்டிக் கணக்கில் சேர்ப்பதில்லை.

நம் பக்கம் செய்யக் கூடியது சின்னது. ஜூலை, ஆகஸ்டில் டிக்கெட் ஆஃபரில் வருகிறதே என்று மணாலி புக் செய்யாதீர்கள். போகும்போது ஆற்றுப் படுகையில் நீட்டிக் கட்டிய 'ரிவர் வியூ' அறையைத் தவிர்த்து, ஊருக்குள் இருக்கும் ஹோம்ஸ்டேயில் தங்குங்கள். பால்கனிக்குக் கீழே ஆறு ஓடினால், ஆறு ஓட வேண்டிய இடத்தில்தான் நீங்கள் படுத்திருக்கிறீர்கள்.

தோழி இப்போது பெங்களூரில் வேலை பார்க்கிறாள். போன மழைக்காலத்தில் ஒருநாள் போன் செய்தபோது பேச்சை நிறுத்தி, அம்மா லைனில் வருகிறார் என்று ஹோல்டில் போட்டாள். இரண்டு நிமிஷம் கழித்துத் திரும்பி வந்தாள். "திறந்துடுச்சாம். லாரி கிளம்பிடுச்சு" என்றாள். பிறகு, நவம்பரில் லீவ் போட்டு ஊருக்குப் போகப் போவதாகவும், அப்பா கட்டிய புது அறையின் பின்சுவரில் ஒரு விரிசல் வந்திருக்கிறதாம், அதைப் பார்க்க வேண்டும் என்றும் சொன்னாள்.